வளையத்தின் இரு கரைகள்: நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இத்தனை ஆண்டுகளாக மெய்நிகர்க் கணினிக்குள் ஓடும் கெஸ்ட் இயங்குதளத்தின் பக்கத்தில், சாதனங்களை இயக்கும் டிரைவர்களையே எழுதிவந்த நீ, இப்போது அந்தக் கணினியை நடத்தும் ஹைப்பர்வைசர் பக்கத்தில் அமர்ந்து சாதனத்தின் வேலையைச் செய்யும் நிரலை எழுதத் தொடங்கியிருக்கிறாய் என்று படித்ததும் மிகவும் மகிழ்ந்தேன். நான் இன்னும் டிரைவர் பக்கத்திலேயே இருக்கிறேன். ஆறு மாதமாக ஒரு வட்டு டிரைவரோடு வாழ்க்கை போகிறது. "டிரைவரும் சாதனமும் கோரிக்கைகளைப் பரிமாறிக்கொள்ளும் வளையம் என்பது நினைவகத்தில் ஓர் அணியும் இரண்டு எண்ணிகளும்தானே, இதற்கு ஏன் இவ்வளவு கவனம்?" என்று கேட்டிருந்தாய். அந்தக் கேள்விக்கு விடை சொல்லவே இதை எழுதுகிறேன்.

நிஜமான நெட்வொர்க் அட்டையைப் போலவே ஒன்றை மென்பொருளில் நடித்துக் காட்டினால், கெஸ்ட் அதன் பதிவேடு என்னும் கட்டளை இடத்தைத் தொடும் ஒவ்வொரு முறையும் செயலி ஹைப்பர்வைசருக்குள் நுழைந்து திரும்ப வேண்டியிருக்கிறது. அந்தப் போக்குவரத்தைக் குறைக்கத்தான் 2003-இல் ஸென் என்னும் ஹைப்பர்வைசர் பகிர் நினைவக வளையங்களைக் கையாண்டது. ரஸ்டி ரஸ்ஸல் உருவாக்கிய விர்ட்டியோ என்னும் மெய்நிகர்ச் சாதன முறை 2008-இல் லினக்ஸ் 2.6.24 பதிப்போடு வந்தபோது அதுவும் அந்த வழியையே பின்பற்றியது. விர்ட்டியோவின் பழைய அமைப்பில் மூன்று பகுதிகள் இருப்பது உனக்குத் தெரியும்: 16 பைட் அளவுள்ள டிஸ்கிரிப்டர்களின் (தரவு நினைவகத்தில் எங்கே, எவ்வளவு நீளம் என்று சொல்லும் குறிப்புகளின்) அட்டவணை, டிரைவர் தன் கோரிக்கைகளை முன்வைக்கும் வளையம், சாதனம் முடித்தவற்றைத் திருப்பித் தரும் வளையம். முதல் இரண்டிலும் டிரைவர் மட்டுமே எழுதும், மூன்றாவதில் சாதனம் மட்டுமே எழுதும். ஓர் இடத்தில் ஒருவரே எழுதுவதால்தான் பூட்டு எதுவும் இல்லாமல் இரு பக்கமும் வேலை செய்ய முடிகிறது. இந்த அமைப்பின் அழகு முழுவதும் அதில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

வளையங்களில் இதுவரை எத்தனை வைக்கப்பட்டன என்று சொல்லும் எண்ணிகள் 16 பிட் அளவுள்ளவை. வளையத்தில் 256 இடங்களே இருந்தாலும் அவை 256-இல் திரும்புவதில்லை. 65,535 வரை ஓடி அதன் பின்பே பூஜ்யத்துக்கு வருகின்றன. அதனால்தான் இரண்டு எண்ணிகளும் சமமாக இருந்தால் வளையம் காலி, வித்தியாசம் 256 ஆக இருந்தால் நிறைந்துவிட்டது என்று குழப்பமின்றிச் சொல்ல முடிகிறது. அந்தக் கழித்தலை 16 பிட்டிலேயே செய்ய வேண்டும் என்பதை மட்டும் மறந்துவிடாதே.

அணியும் எண்ணிகளும் இவ்வளவுதான். எனக்குத் தொல்லை தந்தது, யார் யாரை எப்போது எழுப்புவது என்னும் பகுதி. என் வட்டு டிரைவர் முடிந்த கோரிக்கைகளை வாரி எடுத்துக்கொண்டிருக்கும்போது, "இப்போது இன்டரப்ட் (என்னை எழுப்பும் சைகை) வேண்டாம்" என்னும் கொடியை ஏற்றி வைக்கும். வளையம் காலியானதும் கொடியை இறக்கிவிட்டு உறங்கப் போகும். கடைசியாக எண்ணியைப் பார்த்ததற்கும் கொடியை இறக்கியதற்கும் நடுவே சாதனம் ஒரு கோரிக்கையை முடித்தால் என்ன ஆகும்? கொடி ஏறியிருப்பதைக் கண்டு அது இன்டரப்ட் அனுப்பாது. நானோ காலி என்று நம்பி உறங்கிவிடுவேன். கொடியை இறக்கிய பின் எண்ணியை இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும், பார்க்கவும் செய்தேன். ஆனாலும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை டிரைவர் அசையாமல் நின்றது.

காரணம் செயலியில் இருந்தது. இன்டெல், ஏஎம்டி வகைக் கணினிகளின் எக்ஸ்86 செயலி, நினைவகத்தில் எழுதும் செயல்களின் வரிசையைத் தமக்குள் மாற்றாது என்று நாம் இருவரும் படித்திருக்கிறோம். ஆனால் ஓர் எழுதுதலுக்குப் பின் வரும் வேறோர் இடத்து வாசிப்பு, அந்த எழுதுதல் மற்றவர் கண்ணுக்குத் தெரியும் முன்பே நடந்துவிடலாம். நான் இறக்கிய கொடி செயலியின் தற்காலிக இடத்தில் காத்திருக்க, எண்ணியின் பழைய மதிப்பு அதற்குள் வாசிக்கப்பட்டுவிட்டது. இரண்டுக்கும் நடுவே ஒரு முழு நினைவகத் தடை (முன்னுள்ள எழுதுதலும் வாசிப்பும் முடிந்த பின்பே பின்னுள்ளவற்றை நடக்கவிடும் கட்டளை) வைத்த பிறகு டிரைவர் நிற்கவே இல்லை. நீ எழுதும் பக்கத்திலும் இதே இணை உண்டு: எண்ணியை உயர்த்திய பின் கொடியைப் பார்க்கும் இடத்திலும் முழுத் தடை வேண்டும், ஒரு பக்கம் மட்டும் வைத்தால் போதாது. எண்ணியையும் கொடியையும் சி மொழியில் 'வாலட்டைல்' என்று அறிவித்தால் போதுமா என்று கேட்டிருந்தாய். போதாது, அது நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரை மட்டுமே கட்டுப்படுத்தும், செயலியை அல்ல.

இந்தப் பிழை நெட்வொர்க்கில் பெரும்பாலும் மறைந்துகொள்ளும், ஏனெனில் அடுத்த பாக்கெட் வந்ததும் இன்டரப்ட் வந்து எல்லாம் சரியாகிவிடும். பார்ப்பவருக்குச் சிறு தாமதமாகவே தெரியும். வட்டில் ஒரே ஒரு கோரிக்கையை அனுப்பிவிட்டு அதன் விடைக்காகவே காத்திருக்கும்போது, அடுத்தது வரவே வராது. ஆகவே உன் சாதனத்தைக் கடும் சுமையில் மட்டும் சோதிக்காதே. ஒரு நேரத்தில் ஒரே கோரிக்கை என்ற நிலையிலும் இரவு முழுக்க ஓடவிடு.

2019-இல் வந்த விர்ட்டியோ 1.1-இன் ஒற்றை வளைய அமைப்பைப் பற்றியும் கேட்டிருந்தாய். அதில் இரு பக்கமும் ஒரே டிஸ்கிரிப்டரில் எழுதுகின்றன. உரிமை யாருடையது என்பதை இரண்டு பிட்டுகளே சொல்கின்றன. செயலிகளின் வேக நினைவகமான கேச்சின் வரிகள் இங்குமங்கும் அலைவது குறைகிறது என்பது உண்மைதான். ஆனாலும் நீ முதலில் பழைய அமைப்பையே எழுதி முடி என்பேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், இது உன் பக்கத்துக்கே உரியது. டிஸ்கிரிப்டர் இருக்கும் நினைவகம் கெஸ்டின் கையில் இருக்கிறது. நீ நீளத்தைச் சரிபார்த்த பின், பயன்படுத்தும் முன், அது மாற்றப்படலாம். 2015-இல் ஸென் வெளியிட்ட 155-ஆம் பாதுகாப்பு அறிவிப்பு இதைப் பற்றியதே: மூல நிரலில் ஒருமுறை மட்டுமே படிப்பதாகத் தோன்றிய இடத்தில், கம்பைலர் பகிர் நினைவகத்தை இருமுறை படிக்கும் நிரலை உருவாக்கியிருக்கக்கூடும். எனவே முழு டிஸ்கிரிப்டரையும் உன் சொந்த நினைவகத்துக்கு ஒருமுறை நகலெடுத்து, அந்த நகலையே சரிபார்த்து, அந்த நகலையே பயன்படுத்து. ஒரு டிஸ்கிரிப்டரிலிருந்து அடுத்ததற்குச் செல்லும் சங்கிலியின் 'அடுத்து' எண் பின்னோக்கிச் சுற்றி முடிவில்லாமல் ஓடவும் கூடும். வளையத்தின் அளவைத் தாண்டியதும் நிறுத்திவிடு.

நீ எழுதியிருக்கும் அறிவிப்புப் பகுதியை மட்டும் எனக்கு அனுப்பிவை. அந்தத் தடை இருக்கும் இடத்தை இருவருமாக வரிவரியாகப் பார்ப்போம்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்