கற்றாழைச் சாறும் சிவப்பு மருந்தும்

ஆசிரியர் அவர்களுக்கு,

‘கற்றாழையிலுள்ள அந்திராகுயினோன் புற்றுநோயை வேரோடு அழிக்கும், இனி நஞ்சு ஏற்றத் தேவையில்லை.’ சென்ற ஞாயிறு தங்கள் மருத்துவப் பக்கத்தில் இந்த வரியைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கியது. அந்திராகுயினோன் என்பது ஒரு இரசாயனச் சேர்மக் குடும்பம்; நஞ்சு என்று தாங்கள் சொன்னது கிளினிக்கில் ஏற்றும் புற்றுநோய் மருந்தை.

இரண்டு வருடங்களுக்கு முன்பும் இதே தோரணையில் ஒரு கட்டுரை போட்டீர்கள். மார்பகப் புற்றுநோய்க்கு இரண்டு தவணை மருந்து ஏற்றியிருந்த என் அக்கா அதைக் கத்தரித்துக் கிளினிக் கொப்பிக்குள் வைத்துக்கொண்டு, மூன்றாம் தவணைக்குப் போகவில்லை. வீடு வீடாக வந்த ஒருவரிடம் கற்றாழைச் சாறு வாங்கிக் காலையும் மாலையும் குடித்தார். ஐந்தாம் நாள் வயிற்றோட்டத்தில் துவண்டு கிணற்றடியில் விழுந்தார். இரத்தத்தில் பொட்டாசியம் இறங்கிவிட்டது என்றார்கள். பொட்டாசியம் இறங்கினால் இதயத் துடிப்பே தடுமாறும்; அதுவும் இதயத்தைப் பாதிக்கக்கூடிய மருந்து ஏற்றிய உடம்பு அது.

அந்த மருந்து டொக்ஸோரூபிசின். தேசிக்காய்த் தண்ணீரில் செம்பரத்தம்பூவைக் கசக்கியதுபோலச் சிவப்பாக இருக்கும். ஏற்றிய அன்று சிறுநீரும் சிவந்து போக, இரத்தம் என்று அக்கா அலறியது இன்னும் என் காதில் நிற்கிறது. அந்தச் சிவப்பைத் தருவதே அதற்குள் இருக்கும் அந்திராகுயினோன் வளையங்கள்தாம். நீங்கள் புகழ்ந்ததும் நஞ்சென்று விலக்கச் சொன்னதும் ஒரே குடும்பம், ஐயா. இத்தாலிய மண்ணில் கண்டெடுத்த ஒரு பக்டீரியாவிலிருந்து 1960களில் பிரித்தெடுத்து, மனிதரில் பரிசோதித்து, வாழ்நாளில் இவ்வளவுக்கு மேல் ஏற்றக்கூடாது என்று எல்லை வகுத்த பிறகே அது மருந்தானது. கற்றாழையிலுள்ள இமோடின் என்ற அந்திராகுயினோன் வகைகள் ஆய்வுகூடத்தில் புற்றுக் கலங்களைக் கொல்வது உண்மை. ஆய்வுகூடத் தட்டும் அக்காவின் உடம்பும் ஒன்றா? முழு இலைச் சாற்றையே புற்றுநோய் உண்டாக்கக்கூடியவற்றின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் முகவரகம் சேர்த்திருக்கிறது. தங்களுக்குத் தெரியாததல்ல.

நாட்டு வைத்தியத்தை நான் பழிப்பதாக எண்ணவேண்டாம். என் தகப்பனார் பெரியகல்லாற்றில் பரியாரியாக இருந்தவர். கற்றாழை மடலை வெட்டி நிறுத்தி, மஞ்சள் பால் முழுவதும் வடிந்த பின், மடலுக்குள் இருக்கும் சோற்றை ஏழு தண்ணீரில் கழுவித்தான் கொடுப்பார். அந்த மஞ்சள் பாலில்தான் அந்திராகுயினோன் இருக்கிறது. அந்தப் பெயரை அவர் கேள்விப்பட்டதே இல்லை. ஆனால் அது வயிற்றை அறுக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அன்று நான் அனுப்பிய மறுப்புக் கடிதத்தைத் தாங்கள் பிரசுரிக்கவில்லை. எங்கள் ஊர் இரத்ததான முகாம் அறிவித்தலுக்கும் இடமில்லை என்றீர்கள். நீரிழிவை ஒரே மாதத்தில் போக்கும் சூரணத்துக்கு மட்டும் அரைப் பக்கம் கிடைத்தது. முப்பத்தொரு வருடம் இரசாயனவியல் கற்பித்தவள் நான். என் மாணவர்கள் இன்றும் தங்கள் பத்திரிகையை நம்பி வாசிக்கிறார்கள் என்பதுதான் என் வருத்தம்.

அக்கா பிறகு தவணைகளை முடித்தார். இப்போது சுகமாக இருக்கிறார். சென்ற ஞாயிற்றுக் கட்டுரையைக் கத்தரித்து வைத்திருக்கும் வேறொரு வீடு களுவாஞ்சிகுடியிலோ திருக்கோவிலிலோ இருக்கும். ஆகவே, ‘கிளினிக்கில் கேட்காமல் எந்தத் தவணையையும் நிறுத்தவேண்டாம்’ என்ற ஒரு வரியை, வரும் ஞாயிறு, அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் போடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
பெரியகல்லாறு.