பெட்டியிலிருந்து வந்த 'கேஷ்', காசிலிருந்து வந்த 'கேஷ்'

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் ஆங்கிலத்துக்குப் போன தமிழ்ச் சொற்களைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். கட்டுமரமும் சுருட்டும் போனது சரி. பட்டியலின் தலையில் இருந்த 'கேஷ்' பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. ரொக்கப் பணத்தைக் குறிக்கும் அந்த ஆங்கிலச் சொல் நம் 'காசு' என்பதிலிருந்து பிறந்தது என்று கட்டுரையாளர் உறுதியாக எழுதியிருக்கிறார்.

நான் ஒரு வங்கியில் 31 ஆண்டுகள் பணியாற்றி, காசாளராகவே ஓய்வு பெற்றவன். தலைக்கு மேல் தமிழில் 'காசாளர்', ஆங்கிலத்தில் 'கேஷியர்' என்று ஒரே பலகையில் எழுதியிருக்கும். அதன் கீழே உட்கார்ந்துகொண்டு, புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளிடம் இதே கதையை நானும் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போது பெருமையாகவும் இருக்கும். ஓய்வூதியம் வாங்க வந்த ஒரு தமிழாசிரியர் ஒருநாள் அதைக் கேட்டுவிட்டு, "தம்பி, இவ்வளவு பணத்தையும் எதில் போட்டு வைக்கிறீர்கள்?" என்றார். "பெட்டியில்தான் ஐயா" என்றேன். "அந்தப் பெட்டிதான் கேஷ்" என்று சொல்லிவிட்டு, நோட்டுகளை எண்ணிக்கொண்டு போய்விட்டார்.

அன்றிலிருந்துதான் அகராதிகளைப் புரட்ட ஆரம்பித்தேன். அவர் சொன்னது சரி. லத்தீனில் 'காப்ஸா' என்றால் பெட்டி. அது இத்தாலிய மொழியில் 'காஸ்ஸா' ஆகி, பிரெஞ்சில் 'கேஸ்' ஆகி, 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்குள் வந்தது. வந்த காலத்தில் 'கேஷ்' என்றால் பணப்பெட்டியையும் சொல்வார்கள், உள்ளே இருக்கும் பணத்தையும் சொல்வார்கள். போகப்போகப் பெட்டி மறைந்து பணம் மட்டும் நின்றது. ஜெர்மன் மொழியில் பணம் கட்டும் இடத்துக்கு இன்றும் 'காஸ்ஸே' என்றுதான் பெயர். நாம் தினமும் சொல்லும் சூட்கேஸில் உள்ள 'கேஸ்', விழுங்கும் 'கேப்ஸ்யூல்' எல்லாம் அந்த லத்தீன் பெட்டியின் பிள்ளைகள். ஆனால் கோர்ட்டில் போடும் 'கேஸ்' அந்தக் குடும்பம் இல்லை. அது 'விழுதல்', 'நேர்தல்' என்ற பொருளுள்ள வேறொரு லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. என் பதவிப் பெயருக்கும் இப்படி ஓர் இரட்டை உண்டு. படை அதிகாரியைப் பதவியிலிருந்து நீக்குவதையும் ஆங்கிலத்தில் 'கேஷியர்' செய்வது என்பார்கள். செல்லாததாக்குவதைக் குறிக்கும் லத்தீன் சொல் ஒன்று பிரெஞ்சு, டச்சு வழியாக அப்படி வந்து நின்றது. அதற்கும் பணப்பெட்டிக்கும் உறவில்லை.

அப்படியானால் காசு ஆங்கிலத்துக்குப் போகவே இல்லையா என்றால், போயிருக்கிறது. கட்டுரையில் வராதது இதுதான். ஆங்கிலத்தில் 'கேஷ்' என்று இரண்டு சொற்கள் இருக்கின்றன. எழுத்தும் ஒன்று, ஒலிப்பும் ஒன்று. நல்ல அகராதிகள் இரண்டையும் தனித்தனிப் பதிவாகப் போடுகின்றன. இரண்டாவது 'கேஷ்' என்பது கீழை நாடுகளில் புழங்கிய சிறு நாணயத்தின் பெயர். அது நம் காசேதான். போர்த்துக்கீசியர் நம் கரைக்கு வந்து காசைக் கேட்டு, அதைத் தங்கள் வாயில் 'கைஷா' ஆக்கினார்கள். அவர்கள் மொழியில் 'கைஷா' என்றால் ஏற்கெனவே பெட்டி! லத்தீன் பெட்டியும் தமிழ்க் காசும் முதலில் ஒன்றாகத் தெரிந்தது போர்த்துக்கீசிய மொழியில்தான். அங்கிருந்து நாணயப் பெயர் ஆங்கிலத்துக்குப் போனதும் அதே 16ஆம் நூற்றாண்டின் கடைசியில். குழப்பம் வராமல் எப்படி இருக்கும்?

இந்த இரண்டாவது 'கேஷ்' ஏட்டில் மட்டும் இருந்த சொல் அல்ல. கிழக்கிந்தியக் கம்பெனியின் பழைய சென்னைக் கணக்கில் 80 காசு ஒரு பணம் (அப்போது 'பணம்' என்பதும் ஒரு நாணயத்தின் பெயர்), 42 பணம் ஒரு நட்சத்திர வராகன் என்ற பொன் நாணயம். அதாவது ஒரு வராகனுக்கு 3,360 காசு. 1818 வரை அந்தக் கணக்கு ஓடியது. திருவிதாங்கூரில் 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு ரூபாய், ஆக ரூபாய்க்கு 448 காசு. இதைப் பேரேட்டில் ஏற்றிய எழுத்தர்களை நினைத்தால் எனக்கு மரியாதை பொங்குகிறது. தசமக் கணக்கிலேயே சில மாலைகளில் இருப்பு ஒத்துப்போகாமல் உட்கார்ந்திருந்தவன் நான்.

சென்னை மாகாணத்துக்காக பர்மிங்காமில் மேத்யூ போல்டனின் சோஹோ நாணயசாலையில் செம்புக் காசுகள் அடித்தார்கள். 1808ஆம் ஆண்டு பொறித்த 20 காசு நாணயங்களையும் 10 காசு நாணயங்களையும் ஏற்றிவந்த 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையோரத்து குட்வின் மணல்திட்டில் சிக்கி மூழ்கியது. 1980களில் லட்சக்கணக்கான காசுகளை அதிலிருந்து அள்ளி எடுத்தார்கள். அந்த 20 காசு நாணயத்தின் ஒரு பக்கத்தைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். பாரசீக எழுத்தில் 'பிஸ்த் காஸ் சஹார் ஃபுலூஸ் அஸ்த்' என்று இருக்கும். இருபது காசு நான்கு ஃபுலூஸ் ஆகும் என்று பொருள். ஃபுலூஸ் இன்றைக்கு அரபு நாடுகளில் பணத்துக்கான பேச்சுவழக்குச் சொல். அதன் ஒருமை 'ஃபல்ஸ்'. கிரேக்கம் வழியாக வந்த அதன் மூலம் 'ஃபோல்லிஸ்' என்ற லத்தீன் சொல். அதற்குத் தோல்பை என்று பொருள். ஆங்கிலத்தில் பெட்டி பணமானது, அரபியில் பை பணமானது. தமிழ்க் காசும் லத்தீன் பையும் பாரசீக எழுத்தில் ஒரே வரியில் நிற்க, அதன் கீழே ஆங்கிலத்தில் 'கேஷ்'. ஒரு செம்புத் துண்டில் இத்தனை மொழிகள்!

நடுவில் சதுர ஓட்டை போட்ட சீன நாணயத்தைப் பார்த்திருப்பீர்கள். உலக அருங்காட்சியகங்களில் அதன் கீழே ஆங்கிலத்தில் 'கேஷ்' என்றுதான் எழுதியிருக்கும். சீனர்கள் தங்கள் மொழியில் அதை அப்படிச் சொன்னதில்லை. அவர்களுக்கு அது 'சியென்'. நம் கரையில் பிடித்த சொல்லை ஐரோப்பியர் சீனத்து நாணயத்துக்கும் வைத்துவிட்டார்கள். கட்டுரையாளர் பெருமைப்பட விரும்பினால் இதற்குப் படலாம்.

தமிழுக்குள்ளேயே காசு ஒரு பொருளோடு நிற்கவில்லை. குறுந்தொகையின் 67ஆம் பாட்டில் கிளி தன் வளைந்த அலகில் வேப்பம்பழத்தைப் பிடித்திருப்பதைப் பொன் அணிகலனின் ஒரு காசோடு ஒப்பிடுகிறார்கள். புதுநூலில் கோப்பதற்காகப் பொற்கொல்லர் நகநுனியில் பிடித்திருக்கும் காசு அது. சோழர் கல்வெட்டுகளில் காசு பொன் நாணயம். அங்கே ஈழக்காசும் வருகிறது. சிலப்பதிகாரத்தில் கோவலன் 'காசறு விரையே' என்று கண்ணகியைக் கொஞ்சும்போது காசு என்றால் குற்றம். வெண்பாவின் கடைசிச் சீர் எந்த ஓசையில் முடியலாம் என்று காட்டும் மாதிரிச் சொற்களான வாய்பாட்டிலோ நாள், மலர், காசு, பிறப்பு. 'யாகாவா ராயினும் நாகாக்க' என்ற குறளின் கடைசிச் சீர் 'பட்டு' காசு வாய்பாடுதான். மலையாளத்திலும் கன்னடத்திலும் காசு பணம். தெலுங்கில் பொன்னை நிறுக்கும் அளவாகவும் நிற்கிறது.

காசே 'கர்ஷ' என்ற வடமொழி எடைப்பெயரிலிருந்து வந்தது என்று 1886இல் யூலும் பர்னலும், இந்தியாவில் ஆங்கிலேயர் புழங்கிய சொற்களைத் தொகுத்த தங்கள் ஹாப்சன்-ஜாப்சன் அகராதியில் எழுதினார்கள். ஏற்காத தமிழறிஞர்களும் உண்டு. அந்த வழக்கு நடக்கட்டும். காசு போர்த்துக்கீசியத்துக்குப் போன வழியை அந்த அகராதியும் ஒப்புக்கொள்கிறது.

"இவ்வளவு ஒத்திருக்கிறதே, உறவு இல்லாமலா?" என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். ஒலியும் பொருளும் ஒன்றாக இருப்பது மட்டும் உறவுக்குச் சான்றாகாது. ஆஸ்திரேலியாவின் வடக்கு குயின்ஸ்லாந்தில் பேசப்பட்ட ம்பாபரம் மொழியில் நாய்க்கான சொல்லை மொழியியலாளர் டிக்சன் கேட்டபோது, 'டாக்' என்று பதில் வந்தது. ஆங்கிலத்திலிருந்து வாங்கியது இல்லை. அக்கம்பக்கத்து மொழிகளில் 'குடக' போல இருந்த சொல் அங்கே தேய்ந்து அப்படி ஆகியிருக்கிறது. பாரசீகத்தில் 'பத்' என்றால் கெட்டது; ஆங்கில 'பேட்' அதற்கு உறவில்லை. ஒரு சொல் எந்த நூற்றாண்டில், யார் வாய் வழியாக, எந்தப் பொருளோடு வந்தது என்று படிப்படியாகக் காட்ட முடிய வேண்டும். தினமும் பணத்தை எண்ணிச் சீட்டோடு ஒத்துப் பார்த்த எனக்கு அந்த முறை பிடித்திருக்கிறது.

அடுத்த ஞாயிறு இணைப்பில் ஒரு சிறு திருத்தம் போடும்படி கேட்டுக்கொள்கிறேன். 'கேஷ்' என்ற சொல்லைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டாம். 'சிறு நாணயம் என்ற பொருளில்' என்று ஒரு தொடர் சேர்த்தால் போதும். இடம் இருந்தால் அந்த 20 காசு நாணயத்தின் படத்தையும் பக்கத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற காசாளர், தங்கள் நெடுநாள் வாசகர்