மூன்று வரியில் நாலு தப்பு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த போர் எதிர்ப்புப் படங்கள் பற்றிய கட்டுரையில் 'பீஸ் ஆன் எர்த்' படத்துக்கு மூன்று வரி கொடுத்திருந்தீர்கள். "டாம் அண்ட் ஜெர்ரி படைத்தவர்கள் 1955இல் குழந்தைகளுக்காக எடுத்த கார்ட்டூன், நோபல் அமைதிப் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டது" என்று. மூன்று வரிக்குள் நாலு தப்பு. அதற்கும் ஒரு சாமர்த்தியம் வேண்டும்தான்.

தாங்கள் அறியாததல்ல. எம்.ஜி.எம். என்ற ஹாலிவுட் நிறுவனத்துக்காக ஹ்யூ ஹார்மன் இயக்கிய அந்தப் படம் 1939 டிசம்பரில் வந்தது. இரண்டாம் உலகப் போர் தொடங்கி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. டாமும் ஜெர்ரியும் அப்போது பிறக்கவே இல்லை. அவர்களின் முதல் படம் 1940 பிப்ரவரியில். அவர்களைப் படைத்த ஹன்னா, பார்பரா இருவரும் 1955இல் இதே கதையை 'குட் வில் டு மென்' என்று மறுபடி எடுத்தார்கள். கட்டுரையாளர் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார். நோபல் அமைதிப் பரிசு ஆட்களுக்கும் அமைப்புகளுக்கும் தரப்படுவது, ஐயா. படத்துக்கு எங்கிருந்து வந்தது பரிந்துரை? ஆஸ்கருக்குப் போனது உண்மை. அதையும் டிஸ்னியின் 'அக்லி டக்லிங்' படத்து வாத்துக்குஞ்சு தட்டிக்கொண்டு போனது.

இதெல்லாம்கூடப் போகட்டும். 'குழந்தைகளுக்காக' என்ற சொல்தான் சுருக்கென்றது. முப்பத்தொரு வருடம் ஓவிய ஆசிரியராக இருந்தவன் நான். ஆசிரியர் அறையில் என் பெயர் பொம்மை வாத்தியார். பரீட்சை நெருங்கினால் என் பீரியடைக் கணக்குக்குக் கொடுத்துவிடுவார்கள், கேட்கவும் மாட்டார்கள். தங்கள் இதழ் கடைசிப் பக்கச் சித்திரக்கதையை நிறுத்தியபோது நாலு பக்கத்துக்கு எழுதினேன். 'ஏமாற்றம் அளிக்கிறது' என்று இரண்டு சொல் அச்சாகியிருந்தது. ஊர்ப் பெயரும் தப்பு.

அந்தப் படத்தை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒருமுறை போட்டுக் காட்டினேன். ஒன்பது நிமிடம்தான். கிறிஸ்துமஸ் இரவு. மனிதர்களே இல்லாத உலகம், மிருகங்கள் மட்டும். மனிதர்கள் என்றால் யார் என்று பேரக் குட்டிகள் கேட்க, அணில் தாத்தா சொல்கிறது: தலையில் பெரிய இரும்புச் சட்டி, வயிறு வரை தொங்கும் மூக்கு. விஷவாயு முகமூடியைத்தான் அப்படிச் சொல்கிறது. தட்டைப் பாதக்காரர்களும் தெத்துப்பல்காரர்களும் அடித்துக்கொண்டார்களாம், கடைசியில் சைவக்காரர்களும் அசைவக்காரர்களும். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். திரையில் சிப்பாய்கள் நடக்கத் தொடங்கியதும் சிரிப்பு நின்றது. அணில்கள் பஞ்சு உருண்டை மாதிரி இருக்கும். சிப்பாய்களோ ஆளை எதிரே நிறுத்தி வரைந்தது மாதிரி, கால் வைத்தால் கனம் தெரியும். மிஞ்சிய இருவரும் ஒருவரையொருவர் சுட்டுக்கொள்கிறார்கள். ஒருவன் சேற்றுத் தண்ணீரில் மூழ்க, கை மட்டும் கடைசியாக உள்ளே போகிறது. அந்தக் கையை வரைந்தவன் குழந்தைகளை நினைத்தா வரைந்தான்?

"சார், அவனைச் சுட்டா இவன் ஒத்தையாத்தானே இருக்கணும், அப்புறம் எதுக்குச் சுட்டான்?" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. வாசலில் கணக்கு வாத்தியார் வந்து நின்றிருந்தார்.

நான் கண்ணை மூடிக்கொண்டு புகழ்கிறேன் என்று நினைக்க வேண்டாம். தொடக்கப் பாட்டில் பாகு வழிகிறது. இடிந்த தேவாலயத்தில் ஆந்தை பைபிளை விரித்துப் படிக்கும் இடம் பட்டிமன்ற நடுவரின் தீர்ப்பு மாதிரி நீள்கிறது. அந்தக் கையைக் காட்டிவிட்டு ஒரு மூச்சு விடவில்லை, இரும்புத் தொப்பிகளை வீடாக்கி ஊரே கட்டிவிடுகின்றன மிருகங்கள். வலி உறைப்பதற்குள் மிட்டாய். இதையெல்லாம் எழுதிக் குறை சொல்லியிருந்தால் கட்டுரையாளருக்கு நானே பாராட்டுக் கடிதம் போட்டிருப்பேன். படத்தைப் பார்த்திருந்தால் எழுதியிருப்பார்.

அடுத்த இதழில் ஆண்டையும் இயக்குநர் பெயரையும் திருத்திப் போட்டால் போதும். ராசிபலனுக்கு அடியில் பொடி எழுத்தில் வேண்டாம்.

இந்த வருடச் சந்தாவும் கட்டிவிட்டேன். ரசீதுதான் இன்னும் வரவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
திண்டுக்கல் (தயவுசெய்து திண்டிவனம் என்று போட்டுவிடாதீர்கள்)