“கிரீன் கார்டு போட்டாச்சு” என்றால் எந்தக் கட்டம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் எச்-1பி என்ற தற்காலிக வேலை விசாவில் வேலை பார்க்கும் பிள்ளைகளைப் பற்றிப் பேச்சு வந்தால், “கம்பெனியிலேயே கிரீன் கார்டு போட்டுட்டாங்க” என்று பெற்றோர் நிம்மதியாகச் சொல்வதைக் கேட்கிறோம். பிள்ளைகளும் பல நேரம் அதே நிம்மதியில்தான் இருக்கிறார்கள். ஆனால் அந்த ஒரு வாக்கியம் பெர்ம் (தொழிலாளர் துறையிடம் வாங்கும் சான்று), ஐ-140 (ஊழியருக்காக நிறுவனம் போடும் குடியேற்ற மனு), ஐ-485 (ஊழியரே போடும் கிரீன் கார்டு விண்ணப்பம்) என்ற மூன்று கட்டங்களில் எதையும் குறிக்கலாம். நாளை வேலை போனால் வரிசையில் பிடித்த இடம் நிற்குமா, கையைவிட்டுப் போகுமா என்பது அதைப் பொறுத்தது. குடியேற்ற மனுக்களைத் தயாரிக்கும் வேலையில் இருப்பவர்கள் என்ற முறையில் இதை எழுதுகிறோம்.

முதல் கட்டமான பெர்ம், முழுக்க நிறுவனத்தின் சொத்து. அந்த வேலைக்குத் தகுதியும் விருப்பமும் உள்ள அமெரிக்கத் தொழிலாளர் கிடைக்கவில்லை என்று தொழிலாளர் துறையிடம் நிறுவனம் காட்ட வேண்டும். முதலில் அந்த வட்டாரத்தில் அந்த வேலைக்கு என்ன சம்பளம் என்பதைத் துறையிடம் கேட்டு வாங்க வேண்டும். பிறகு இரண்டு ஞாயிற்றுக்கிழமை நாளிதழ் விளம்பரம், மாநில வேலைவாய்ப்புத் தளத்தில் 30 நாள் அறிவிப்பு, அலுவலகத்தில் 10 வேலைநாள் ஒட்டிவைக்கும் அறிவிப்பு, பட்டப்படிப்பு கேட்கும் வேலை என்றால் இன்னும் மூன்று வகை ஆள்தேடல். இவை 180 நாளுக்கு மேல் பழையதாகிவிட்டால் மறுபடி முதலிலிருந்துதான். அண்மை ஆண்டுகளில் சம்பள நிர்ணயத்துக்கே சுமார் ஆறு மாதம், மனு பதிவான பின் முடிவு வர ஓராண்டுக்கு மேல் என இழுக்கிறது.

அதனால்தான் ஆண்டுக் கணக்கு முக்கியம். எச்-1பி மொத்தம் 6 ஆண்டு. பெர்ம் அல்லது ஐ-140 பதிவாகி 365 நாள் ஆகியிருந்தால் அதற்குப் பிறகும் ஓராண்டு நீட்டிப்பு கேட்கலாம். ஐ-140 ஒப்புதலாகி, கிரீன் கார்டு வரிசையில் தங்கள் தேதி வராமல் காத்திருந்தால் மூன்று ஆண்டு நீட்டிப்பு. பின்னோக்கி எண்ணினால், ஐந்தாம் ஆண்டு முடிவதற்குள் பெர்ம் பதிவாக வேண்டும். விளம்பரத்துக்கும் சம்பள நிர்ணயத்துக்கும் ஆகும் காலத்தைக் கழித்தால், நான்காம் ஆண்டு தொடங்கும்போதே வேலை ஆரம்பித்திருக்க வேண்டும். “அடுத்த அப்ரைசல் முடியட்டும்” என்று மேலாளர் சொல்வதை நம்பி ஐந்தாம் ஆண்டு வரை காத்திருப்பதுதான் நாங்கள் அடிக்கடி பார்க்கும் தவறு. ஊருக்கு வந்து தங்கிய நாள்களை 6 ஆண்டிலிருந்து கழித்துக் கேட்கலாம். அதற்குப் பாஸ்போர்ட் முத்திரைகளும் போர்டிங் பாஸ்களும் வேண்டும், தூக்கி எறியாதீர்கள்.

பெர்முக்கான வக்கீல் கட்டணம், விளம்பரச் செலவு எல்லாம் நிறுவனமே ஏற்க வேண்டும் என்பது 2007 முதல் விதி. பிறகு சம்பளத்தில் பிடித்துக்கொள்கிறோம், வேலையை விட்டால் திருப்பித் தர வேண்டும் என்று எழுதி வாங்குவதும் செல்லாது. நிறுவனம் ஆள்குறைப்பு செய்தால், அதே வட்டாரத்தில் அதே வேலையிலிருந்து கடந்த ஆறு மாதத்தில் நீக்கியவர்களுக்குத் தகவல் சொல்லி அவர்களைப் பரிசீலிக்க வேண்டும். ஆகவே ஆள்குறைப்பு வந்ததும் பல நிறுவனங்கள் பெர்மை நிறுத்திவைக்கின்றன.

சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் வந்தவர்கள் தடுக்கிவிழும் இடம் அனுபவச் சான்று. ஸ்பான்சர் செய்யும் நிறுவனத்திலேயே பெற்ற அனுபவத்தைப் பொதுவாகக் கணக்கில் சேர்க்க முடியாது. முந்தைய நிறுவனத்தின் கடிதம் வேண்டும். நம்மிடம் இருப்பதோ ரிலீவிங் லெட்டர்: சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி, வாழ்த்து, அவ்வளவுதான். அது போதாது. என்னென்ன வேலை செய்தார், எந்தத் தொழில்நுட்பங்களில் செய்தார், முழுநேரமா என்பது நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில் இருக்க வேண்டும். நிறுவனம் மூடப்பட்டிருந்தால் அப்போதைய மேலாளரோ உடன் வேலை பார்த்தவரோ பிரமாணப் பத்திரம் தரலாம். இதைக் கேட்டு வாங்கும் நேரம் அங்கே வேலையை விடும் நாள். பத்தாண்டு கழித்து யாரைத் தேடுவது? மூன்றாண்டு பி.எஸ்சி., பி.சி.ஏ. பட்டம் மட்டும் உள்ளவர்களுக்கு, அது அங்குள்ள நான்காண்டுப் பட்டத்துக்குச் சமமாக எடுத்துக்கொள்ளப்படுவதில்லை என்பதால் இபி-2 (உயர்பட்டம் கேட்கும் வேலைகளுக்கான கிரீன் கார்டு பிரிவு) மறுக்கப்படும் வாய்ப்பு அதிகம். இதையும் பெர்ம் எழுதும்போதே வக்கீலிடம் பேசிவிட வேண்டும்.

அடுத்தது ஐ-140. பெர்ம் கிடைத்து 180 நாளுக்குள் போட வேண்டும். இங்கே சிறிய கன்சல்டன்சிகள் தோற்பது சம்பளம் தரும் வசதியைக் காட்டுவதில். பெர்ம் பதிவான நாளிலிருந்தே அந்தச் சம்பளத்தைத் தர முடியும் என்று வரிக்கணக்கு சொல்ல வேண்டும்.

வேலை போனால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு இந்தக் கட்டத்தில்தான் பதில். பெர்மோடு நின்றிருந்தால் எதுவும் கூட வராது. ஐ-140 ஒப்புதலாகிவிட்டால், பெர்ம் பதிவான நாள், வரிசையில் உங்கள் இடத்தைக் குறிக்கும் பிரையாரிட்டி டேட்டாக உங்களோடு நிற்கும். புதிய நிறுவனம் பெர்மும் ஐ-140ஐயும் புதிதாகப் போட வேண்டும், ஆனால் பழைய தேதி வரும். மோசடி, பெர்ம் ரத்து, ஒப்புதலிலேயே பெரும் பிழை ஆகியவை மட்டும் விதிவிலக்கு. ஒப்புதலாகி 180 நாள் கடந்துவிட்டால், பழைய நிறுவனம் மனுவைத் திரும்பப் பெற்றாலும் அதைக் காட்டி எச்-1பி நீட்டிப்பும் வாங்கலாம். வேலை போன பின் உள்ள அவகாசம் அதிகபட்சம் 60 நாள். ஐ-94 (எதுவரை தங்கலாம் என்று காட்டும் பதிவு) அதற்கு முன் முடிந்தால் அதுவரைதான். ஆகவே ஐ-140க்கு வரும் ஐ-797 ஒப்புதல் நோட்டீசின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அதில் பிரையாரிட்டி டேட் கட்டத்தில் பெர்ம் பதிவான நாள் சரியாக இருக்கிறதா, பிரிவு 203(பி)(2), அதாவது இபி-2 என்றிருக்கிறதா, 203(பி)(3), அதாவது அதற்கு அடுத்த இபி-3 என்றிருக்கிறதா என்று பாருங்கள். நகல் தர மறுத்தால் ரசீது எண்ணையாவது வாங்கிக்கொள்ளுங்கள்.

பிறகு காத்திருப்பு. வேலைவாய்ப்புப் பிரிவுகளுக்கு ஆண்டுக்குச் சுமார் 1,40,000 விசா, ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கு 7 விழுக்காடு உச்சவரம்பு. இந்தியாவில் பிறந்தவர்களுக்கு இபி-2, இபி-3 இரண்டிலும் பத்தாண்டுக்கு மேல். குடியுரிமை கணக்கில்லை, பிறந்த நாடுதான் கணக்கு. கணவரோ மனைவியோ குவைத்திலோ சிங்கப்பூரிலோ இலங்கையிலோ பிறந்திருந்தால் அந்த நாட்டின் வரிசையில் இருவரும் போகலாம். தமிழ்க் குடும்பங்களில் இது அரிதல்ல. ஆனாலும் வக்கீலிடம் சொல்லாமலே ஆண்டுக்கணக்கில் இந்திய வரிசையில் நிற்பவர்கள் உண்டு.

இந்தக் காத்திருப்பில் மனதை மிகவும் வருத்துவது பிள்ளைகளின் வயது. 21 ஆனால், பெற்றோரைச் சார்ந்து பெற்ற எச்-4 விசா முடிந்துவிடும். தேதி வரும்போது உள்ள வயதிலிருந்து ஐ-140 நிலுவையில் இருந்த நாள்களைக் கழிப்பார்கள். 21 வயது 4 மாதம், மனு நிலுவை 6 மாதம் என்றால் கணக்குக்கு 20 வயது 10 மாதம். தேதி வந்து ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால் தப்பிக்கலாம். விரைவு முடிவுக்கான கூடுதல் கட்டணமான பிரீமியம் கட்டி 15 வேலைநாளில் ஐ-140 வாங்கினால் கழிக்கக் கிடைப்பதும் அந்தச் சில நாள்தான். பதின்ம வயதுப் பிள்ளை இருந்து, நீட்டிப்புக்கு அவசரமும் இல்லையென்றால், பிரீமியம் கட்டுமுன் யோசியுங்கள். 2025 ஆகஸ்ட் 15 முதல் பதிவாகும் மனுக்களுக்கு இந்த வயதுக் கணக்கு, யாருடைய தேதி வந்தது என்று மாதந்தோறும் அறிவிக்கும் விசா புல்லட்டினின் ‘இறுதி நடவடிக்கைத் தேதி’ அட்டவணைப்படிதான்.

கடைசிக் கட்டம் ஐ-485. மருத்துவப் பரிசோதனைப் படிவத்தை அதனுடனேயே வைக்க வேண்டும். பதிவாகி 180 நாள் ஆனால், அதே போன்ற வேலைக்கு மாறலாம். இதற்கான தாள்களில் பாதி ஊரிலிருந்துதான் வர வேண்டும். பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயர் காலியாக இருக்கும். பள்ளிச் சான்றிதழில் ‘எஸ். முருகன்’, பாஸ்போர்ட்டில் ‘முருகன் சுப்பிரமணியன்’ என்றிருக்கும். பாஸ்போர்ட்டில் முழுப் பெயரும் ஒரே கட்டத்தில் இருந்து மற்றது காலியாக இருந்தால், விசாவில் ‘எஃப்என்யு’ (முதல் பெயர் தெரியாது) என்று விழுந்து எல்லாப் பதிவிலும் தொடரும். நகராட்சியிலோ பஞ்சாயத்திலோ பெயர் சேர்த்துச் சான்றிதழ் வாங்குங்கள். பதிவே இல்லையென்றால் ‘பதிவு இல்லை’ என்ற சான்றும், பத்தாம் வகுப்புச் சான்றிதழும், பிறப்பை அறிந்த பெரியவர்களின் பிரமாணப் பத்திரமும் வேண்டும். அந்தப் பெரியவர்கள் நலமாக இருக்கும்போதே இதை முடித்துவிடுங்கள்.

தங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். மாதந்தோறும் விசா புல்லட்டின் வெளியாகும்போது ‘தேதி முன்னேறியது’ என்று மட்டும் செய்தி வருகிறது. அதில் இரண்டு அட்டவணைகள் உண்டு. எதன்படி ஐ-485 போடலாம் என்பதைக் குடியேற்றத் துறை ஒவ்வொரு மாதமும் தனியாக அறிவிக்கிறது. எந்த அட்டவணையில் முன்னேறியது, அந்த மாதம் எது செல்லும் என்ற இரண்டையும் சேர்த்து வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
குடியேற்ற மனுப் பணியில் உள்ள வாசகர்கள்,
நியூ ஜெர்சி