சான்றிதழ் இருக்கட்டும், எச்சரிக்கையைத் தமிழில் தாருங்கள்

அனர்த்த முன்னெச்சரிக்கைகளை வெளியிடும் பொறுப்பிலுள்ள அதிகாரிகளுக்கு,

ஐயா, அம்மணி,

உங்கள் எச்சரிக்கைகளைத் தமிழில் மொழிபெயர்க்கும் தொண்டர்களான எங்களைக் கௌரவித்துச் சான்றிதழ் வழங்கவிருப்பதாக நீங்கள் அனுப்பிய கடிதம் கிடைத்தது. நன்றி. கடிதம் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இருந்தது. வழக்கம்போல நாங்களே அதை மொழிபெயர்த்துக் குழுவில் உள்ளவர்களுக்கு அனுப்பிவிட்டோம்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையைப் புரட்டிப் போட்ட நாட்களில் என்ன நடந்தது என்பதை உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. உங்கள் எச்சரிக்கைகள் எந்த நேரத்தில் எந்த மொழியில் வந்தன என்பதற்கு உங்கள் கோப்புகளே சாட்சி. நாங்கள் கேட்பது ஒன்றுதான்: சிங்களத்தில் எச்சரிக்கை வெளிவரும் அதே நிமிடத்தில் அது தமிழிலும் வெளிவர வேண்டும், உங்கள் பெயரில், உங்கள் முத்திரையுடன்.

அது வராதபோது கொழும்பில் என்ன நடக்கிறது என்று சொல்கிறோம். உங்கள் அறிக்கை ஒரு படமாக வாட்ஸ்அப்பில் வந்து சேரும். படமாக இருப்பதால் எழுத்துகளைப் பிரதி எடுக்க முடியாது. ஒருவர் பார்த்துப் பார்த்துத் தட்டச்சு செய்வார். இன்னொருவர் எண்களை மட்டும் சரிபார்ப்பார். மூன்றாமவர் ஊர்ப்பெயர்களைப் பார்ப்பார். நல்ல கைகள் மூன்று இருந்தால் இருபத்தைந்து நிமிடம். நள்ளிரவுக்குப் பிறகு மூன்று கைகளும் ஒரேநேரத்தில் விழித்திருப்பது அபூர்வம். அந்த இடைவெளியில் கொழும்பையொட்டி ஓடும் களனி கங்கை யாருக்காகவும் காத்திருப்பதில்லை.

எண்களுக்கு ஏன் தனி ஆள் என்று கேட்பீர்கள். கிராண்ட்பாஸ் பக்கம் நாகலகம் வீதியில் உள்ள அளவுகோலில் நீர்மட்டம் அடிக்கணக்கில் சொல்லப்படுகிறது. 5 அடி சிறு வெள்ளம், 7 அடி பெருவெள்ளம். அதே ஆற்றில் மேலே ஹங்வெல்லவில் கணக்கு மீற்றரில். அங்கே 7 மீற்றர் என்பது விழிப்பு நிலை மட்டுமே. 8இல் சிறு வெள்ளம், 10இல் பெருவெள்ளம். அட்டவணையின் மேல்வரியில் இருக்கும் அலகு தட்டச்சில் விடுபட்டால் இரண்டு இடத்திலும் வெறும் '7' நிற்கும். ஒன்று 'கவனமாக இருங்கள்', மற்றது 'இப்போதே கிளம்புங்கள்'. தூக்கக் கலக்கத்தில் இருக்கும் ஒரு பல்கலைக்கழக மாணவியின் கவனத்தில் ஆற்றோர வெல்லம்பிட்டியின் உயிர்கள் தொங்குவது நியாயம்தானா என்று நீங்களே சொல்லுங்கள்.

'சிறு வெள்ளம்' என்ற சொல்லும் சிக்கல்தான். அளவுகோலைப் பொறுத்தவரை அது சிறியது. கொலன்னாவையில் தாழ்நிலத்தில் குடியிருப்பவருக்கு அது கட்டில் உயரத் தண்ணீர். வெறும் 'சிறு வெள்ளம்' என்று போட்டால் வாசிப்பவர் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்வார். அதனால் நாங்கள் எப்போதும் கூடவே ஒரு வரி சேர்க்கிறோம்: 'ஆற்றோரத் தாழ்நில வீடுகளுக்குள் தண்ணீர் வரலாம்'. அந்த வரியைச் சேர்க்க எங்களுக்கு என்ன அதிகாரம்? ஒன்றுமில்லை. சேர்க்காமல் விட மனம் வரவில்லை, அவ்வளவே.

இயந்திர மொழிபெயர்ப்பு இருக்கிறதே என்று கூட்டமொன்றில் சொல்லப்பட்டது. இருக்கிறது. அது நீர்த்தேக்கத்தின் வான்கதவுகளைக் 'கசிவு வாயில்கள்' ஆக்கித் தந்தது. செம்மஞ்சள் எச்சரிக்கையை 'அம்பர்' என்றது. மண்சரிவு எச்சரிக்கையின் மூன்றாம் படி, சிவப்பு, வீட்டைவிட்டு உடனே வெளியேறுங்கள் என்பது. இயந்திரம் 'வெளியேற்றம்' என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிட்டது. பதுளையிலோ நுவரெலியாவிலோ தேயிலைத் தோட்ட லயத்தில் இருப்பவர் அதை நீர் வெளியேற்றம் என்று எடுத்துக்கொண்டால் குற்றம் யார்மீது? கோட்டே நகரம் வேறு, கொழும்புக் கோட்டை வேறு என்பதும் அதற்குத் தெரியாது. நல்லவேளை, கொழும்பில் பிறந்தவர்களுக்குத் தெரியும்.

எப்போதாவது உங்கள் பக்கமிருந்தே தமிழ் வந்தால், அது பாமினி என்ற பழைய எழுத்துருவில் வரும். அந்தக் கோப்பிலிருந்து எடுத்துக் குறுஞ்செய்தியில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகத்தான் தெரியும். யுனிகோட்டில் தட்டினாலும் குறுஞ்செய்திக்கு இன்னொரு கணக்கு உண்டு. ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்துகள், தமிழில் 70 குறியீடுகள். 'நீர்மட்டம்' கண்ணுக்கு ஆறு எழுத்து, தொலைபேசிக்குப் பத்து. சிங்களத்தை வரிக்கு வரி பெயர்த்தால் செய்தி நான்காக உடையும், மூன்றாவது துண்டு முதலில் வந்து சேரும். ஆகவே ஊர், ஆபத்து, செய்ய வேண்டியது, எதுவரை என்ற நான்கையும் முதல் எழுபதுக்குள் அடைக்க வேண்டும். 'இன்று இரவு 12 மணி வரை' என்றும் எழுதக்கூடாது. மறுநாள் காலையில் அதைப் பகிர்பவருக்கு 'இன்று' எந்த நாள்? '28 வெள்ளி நள்ளிரவு வரை' என்று கிழமையோடு எழுத வேண்டும்.

இவ்வளவையும் சரியாகச் செய்தாலும் எங்கள் செய்தியை மக்கள் நம்பத் தேவையில்லை. முத்திரை இல்லாத வாட்ஸ்அப் செய்தியை நம்பாதீர்கள் என்று நீங்கள்தான் அறிவுறுத்துகிறீர்கள், சரியாகவே. 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் இணையத்தில் பொய்க் கூற்றுகளைப் பரப்புவோரைப் பற்றி விரிவாகப் பேசுகிறது. எங்கள் கையில் ஒரு எண் பிழைத்தால் விளக்கம் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள். உங்கள் தமிழ் வராமலே போனால் யாரும் எதற்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

இதைச் சலுகையாகக் கேட்கவில்லை. 1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்துக்குப் பிறகு தமிழும் அரச கரும மொழி. எழுத்திலான சட்டத்தின் கீழ் விடுக்கப்படும் அறிவித்தல்கள் சிங்களத்திலும் தமிழிலும் வெளியிடப்பட வேண்டும், ஆங்கில மொழிபெயர்ப்புடன் என்கிறது அரசியலமைப்பின் 23ஆம் உறுப்புரை. கவனியுங்கள், அங்கே மொழிபெயர்ப்பு என்று சொல்லப்படுவது ஆங்கிலம். தமிழ் மூலங்களில் ஒன்று. நடைமுறையில் ஆங்கிலம் நேரத்துக்கு வருகிறது, தமிழ் தொண்டரிடம் போகிறது.

எல்லாமே தொண்டரிடம்தான் போகிறது. வெள்ளம் வடிந்தால் சேறு அள்ளத் தொண்டர், முகாமில் சோறு சமைக்கத் தொண்டர், டெங்கு வந்தால் வடிகான் துப்புரவுக்குச் சிரமதானம். பொலிஸில் முறைப்பாடு சிங்களத்தில் எழுதப்பட்டால், என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லப் பக்கத்து வீட்டுத் தம்பி. யுத்த காலத்தில் எத்தனை பேர் தமக்கு வாசிக்கத் தெரியாத வாக்குமூலத்தின் கீழ் ஒப்பமிட்டார்கள் என்பதை இங்கே எடுக்க வேண்டாம். தொண்டு அவசரத்துக்குக் கைகொடுப்பது. ஆண்டுக்கணக்கில் நடந்தால் அது சம்பளமில்லாத உத்தியோகம். 2026ஐத் தொண்டர்களுக்கான ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபை அறிவித்திருப்பதால் இவ்வாண்டு டீ சேர்ட்டும் கூடுதலாகக் கிடைக்கும் போலும்.

மன்னிக்கவும், கேட்க வந்தது அதுவல்ல. நள்ளிரவில் மொழிபெயர்ப்பாளரைத் தேடி எழுப்ப வேண்டிய அவசியமே இல்லை என்பதைத்தான் சொல்ல வந்தோம். உங்கள் அறிக்கைகளில் பெரும்பகுதி மாறாத வாக்கியங்கள். மாறுவது ஆற்றின் பெயர், அளவுகோல், நீர்மட்டம், பிரதேச செயலாளர் பிரிவு, நேரம் ஆகிய ஐந்தும்தான். மாறாத வாக்கியங்களைத் தமிழில் முன்கூட்டியே எழுதி, தமிழ் படித்த ஓர் அதிகாரி ஒப்பமிட்டு, யுனிகோட்டில் வைத்திருக்கலாம். ஊர்ப்பெயர்களுக்கு ஒரே எழுத்துக்கூட்டலில் ஒரு பட்டியல். எண்களைச் சிங்கள அறிக்கையிலிருந்து நேரே எடுக்கலாம், அலகையும் சேர்த்து. பணியிலிருக்கும் அலுவலர் தமிழே அறியாதவராக இருந்தாலும் ஐந்து நிமிடத்தில் வெளியிட முடியும். வாசிக்கத் தெரியாத முதியவர்களுக்காக அதே வாக்கியங்களை ஒருமுறை குரலிலும் பதிந்து வைத்தால், ஒலிபெருக்கி வாகனத்துக்கும் அது உதவும்.

அந்த வாக்கியங்களும் பட்டியலும் எங்களிடம் இருக்கின்றன. களனிப் பள்ளத்தாக்குக்கு முழுமையாக, மலையகத்துக்குப் பாதி. விலை இல்லை. சரிபார்த்து உங்களுடையதாக்கிக் கொள்ளுங்கள். எங்கள் பெயர் எங்கும் வேண்டாம். சிங்களத்தோடு அதே நிமிடத்தில், உங்கள் முத்திரையுடன், தமிழும் வர வேண்டும் என்பதே எங்கள் பணிவான வேண்டுகோள். கோப்பை எந்த அலுவலரிடம், எந்த மேசையில் ஒப்படைக்க வேண்டும் என்பதை அடுத்த மழைக்கு முன் அறியத் தந்தால் போதும்.

இங்ஙனம்,
கொழும்பிலிருந்து மொழிபெயர்க்கும் தொண்டர்கள் சிலர்

பி.கு.: பதிலை எந்த மொழியில் அனுப்பினாலும் பரவாயில்லை. நாங்களே மொழிபெயர்த்துக்கொள்வோம்.