தனுஷ்கோடிக்குப் போன தண்டவாளம்

இராமநாதபுரம்,
24.8.2025

அன்பு மகள் மலர்விழிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அனைவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி சற்றுக் குறைந்திருக்கிறது. நீங்கள் விடுமுறையில் கொழும்பிலிருந்து தலைமன்னாருக்குப் போயிருந்தபோது, துறைமுகத்தின் அருகே ரயில் பாதை முடிவதைப் பார்த்துவிட்டு, "தாத்தா, உங்கள் பக்கத்திலும் இப்படி ஒரு தண்டவாளம் கடலில் வந்து முடிகிறதா?" என்று பேத்தி கேட்டாள் அல்லவா? முடிகிறது என்பதா, முடிந்தது என்பதா என்று தெரியாமல் பேச்சை மாற்றிவிட்டேன். நேரில் பார்த்த பிறகு பதில் எழுதலாம் என்று சென்ற ஞாயிற்றுக்கிழமை விடியலில் பாம்பனுக்குக் கிளம்பினேன். இருப்புப்பாதையைப் பராமரிக்கும் கேங்மேனாக வேலை பார்த்து ஓய்வுபெற்ற என் நண்பரும் உடன் வந்தார்.

இன்றைக்கு ராமேஸ்வரத்தில் ரயில் முடிவதால், அதுவே எப்போதும் முதன்மைப் பாதையாக இருந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பிறகு, முதன்மைப் பாதை பாம்பனிலிருந்து நேரே தனுஷ்கோடிக்குப் போயிற்று. ராமேஸ்வரம் அதன் கிளை. எழும்பூரில் எடுத்த ஒரே பயணச்சீட்டில் போட் மெயில் ரயிலில் தனுஷ்கோடி வந்து, அங்கே நீராவிக் கப்பல் ஏறி ஏறத்தாழ 35 கிலோமீட்டர் கடலைக் கடந்து, தலைமன்னாரில் காத்திருக்கும் ரயிலில் கொழும்பு கோட்டை வரை போகலாம். கொழும்பு புறக்கோட்டையில் ஒரு மளிகைக் கடையில் கணக்கெழுதிய உன் தாத்தா அப்படித்தான் போய்வந்தார். எனக்கு எட்டு வயதில் அவரை வழியனுப்ப ஒருமுறை தனுஷ்கோடி வரை போயிருக்கிறேன். கப்பல் எப்படி இருந்தது என்பது நினைவில் இல்லை. தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு அவர் திரும்பிப் பார்க்காமல் நடந்ததும், நடைமேடையில் செருப்புக்குள் புகுந்த மணலும் மட்டும் நினைவில் இருக்கின்றன.

தடம் தேடுவதற்கு நண்பர் ஒரு வழி வைத்திருந்தார். இந்தத் தீவில் இருப்பது மணலும் பவளப் பாறையும்தான். தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் தேவாலயச் சுவரே பவளக் கல்லால் எழுந்தது. ஆகவே கருங்கல் ஜல்லி எங்கே கிடந்தாலும் அது வெளியிலிருந்து வந்த கல், பெரும்பாலும் பாதைக்காக வந்த கல் என்பது அவர் கணக்கு. பாம்பனை விட்டு நகர்ந்த பிறகு சீமைக்கருவேலப் புதர்களுக்கு நடுவே மண் சற்று மேடாக நீண்டு செல்லும் இடங்களில், கைத்தடியால் கிளறிக் கிளறி அவர் முன்னே போனார். நான் பின்னால் போனேன். ஆனால் முகுந்தராயர் சத்திரத்துக்கு அப்பால் அந்தக் கணக்கு பொய்த்தது. 2017இல் தீவின் கடைசி முனையான அரிச்சல்முனை வரை தார்ச்சாலை போட்டபோது அதற்கும் ஜல்லி வந்திருக்குமே! எது பாதைக் கல், எது சாலைக் கல் என்று சாலையோரத்தில் நின்று இருவரும் அரைமணி நேரம் வாதாடியதைச் சுற்றுலா வந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். நிலையத்தின் இடிந்த சுவர்களும் தண்ணீர்த் தொட்டியின் மிச்சமும் கண்ணில் பட்ட பிறகுதான், தடம் பெரிதும் தவறவில்லை என்று தெரிந்தது.

அங்கே நண்பர் செருப்பைக் கழற்றிவிட்டார். 1964 டிசம்பர் 22 நள்ளிரவில், பெரும்புயலின் நடுவே பாம்பனிலிருந்து கிளம்பிய 653ஆம் எண் பயணிகள் ரயில் அந்த நிலையத்தை எட்டுவதற்குச் சற்று முன்னால்தான் அலையில் முழுகிற்று; நூறுக்கும் மேற்பட்டவர்கள், ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. பேத்தியிடம் இதை எப்படிச் சொல்ல வேண்டுமோ நீயே பார்த்துச் சொல்.

அதே புயலில் பாம்பன் பாலத்தின் பெரும்பாலான இரும்புத் தூலங்களும் கடலில் விழுந்தன. அவற்றைத் தேடியெடுத்து, பொறியாளர் ஸ்ரீதரனின் பொறுப்பில் 46 நாட்களில் பாலத்தை மீட்டார்கள். பாலத்துக்கு இருந்த அவசரம் தனுஷ்கோடிப் பாதைக்கு இருக்கவில்லை. ஊரே வசிக்கத் தகுதியற்றது என்று அரசு அறிவித்துவிட்டதால், கப்பல் ராமேஸ்வரத்துக்கு மாறிற்று. பின்னர் இலங்கையில் மூண்ட போர் அதையும் நிறுத்தியது.

என் மனத்தாங்கல் இதற்குப் பிறகு தொடங்குகிறது. போரில் சிதைந்த உங்கள் பக்கத்துப் பாதை இந்தியக் கடனுதவியில், இந்திய நிறுவனத்தின் கையால் மறுபடி போடப்பட்டு, 2015 மார்ச்சில் தலைமன்னாருக்கு ரயில் திரும்பிவிட்டது. இங்கே ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு 17.2 கிலோமீட்டர், 208 கோடி ரூபாய் என்று திட்டமிட்டு, 2019 மார்ச் 1 அன்று பிரதமர் அடிக்கல் நாட்டினார். ஆறு ஆண்டுகளாகியும் ஒரு தண்டவாளம்கூடக் கண்ணில் படவில்லை. இந்த ஏப்ரலில் பாம்பனில் புதிய தூக்குப் பாலம் திறந்தபோது, அடுத்தது தனுஷ்கோடிதான் என்று தேநீர்க் கடைகளில் பேசிக்கொண்டார்கள். ஜூன் மாதம் அதே தனுஷ்கோடியைப் பூநாரைகளுக்கான சரணாலயமாகத் தமிழக அரசு அறிவித்தது. அதில் எனக்கு வருத்தமில்லை, அம்மா. இருபுறமும் கடல் நெருக்கும் அந்த மணல் நாக்கில் 1914இல் போட்டதுபோல் மண்ணைக் குவித்து மறுபடி பாதை போடுவதை நானும் நண்பரும் ஏற்கவில்லை. தூண்கள் மேல் போகட்டும், புயல் எச்சரிக்கை வந்தால் நாள் கணக்கில் நிற்கட்டும் என்பது அவர் கட்சி. இடிபாடுகளைப் பார்த்துப் படம் எடுத்துத் திரும்புவதற்காக மட்டும் ஒரு ரயில் எதற்கு, அந்தப் பக்கம் போகக் கப்பலும் சேர்ந்து வந்தால்தான் அது பாதை என்பது என் கட்சி. திரும்பும் வழியெல்லாம் இதே வாதம்தான்.

கரையில் நின்றால் நீ முப்பத்தைந்து கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பவள்போலத் தோன்றுகிறது. உன்னைப் பார்க்க நான் மதுரைக்குப் போய் விமானம் ஏற வேண்டியிருக்கிறது. இந்த முறை அப்படி வரப்போவதில்லை. தை பிறந்து கடல் அடங்கிய பிறகு நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலில் வந்து, அங்கிருந்து ரயிலில் கொழும்பு வரலாம் என்று நானும் அம்மாவும் பேசியிருக்கிறோம். கடவுச்சீட்டைப் புதுப்பிக்கக் கொடுத்தாயிற்று. பேத்திக்கு ஒரு கருங்கல் கொண்டுவருகிறேன். பாதைக் கல்தான் என்று நண்பர் சாதிக்கிறார், எனக்கு இன்னும் சந்தேகம். மறுபடி தலைமன்னார் போனால், தண்டவாளத்துக்கு நடுவே கிடக்கும் ஜல்லியை அருகில் வைத்து ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல், ஒப்பிட்டுப் பார்க்கலாம். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அப்பா