அந்தத் தொகையில் இன்னொரு வீடு கிடைக்குமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நகர மறுசீரமைப்புக்காகத் தனியார் வீடுகளை அரசு விலைக்கு வாங்குவதைப் பற்றித் தங்கள் வாசகர் பகுதியில் கடிதம் எழுதிய அன்பர் ஒருவர், சந்தை விலையைப் போல் இரண்டு மடங்கு கிடைக்கும்போது வீட்டுக்காரர்கள் எதற்காகத் தயங்க வேண்டும் என்று கேட்டிருந்தார். வேலூரில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆவண எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வீடு ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகும் எல்லா வழிகளையும் காகிதத்தில் எழுதியிருக்கிறேன். அந்த இரண்டு மடங்கு எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதைச் சொன்னால் தயக்கத்தின் காரணம் விளங்கும் என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

1894-ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டத்துக்கு மாற்றாக வந்த 2013-ஆம் ஆண்டுச் சட்டம் 2014 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பழைய சட்டத்தோடு ஒப்பிட்டால் இது நிலம் இழப்பவர் பக்கம் வெகுவாக நகர்ந்து வந்த சட்டம் என்பதில் எனக்கு ஐயமில்லை. இதன் 26-ஆம் பிரிவுப்படி, முத்திரைத் தீர்வைக்காக அரசு வகுத்த வழிகாட்டி மதிப்பையும், அக்கம்பக்கத்தில் முந்தைய மூன்று ஆண்டுகளில் பதிவான கிரயங்களுள் விலை உயர்ந்த பாதியின் சராசரியையும் ஒப்பிட்டு, எது அதிகமோ அதை மனையின் சந்தை மதிப்பாகக் கொள்வார்கள். கிராமப்புற நிலமாக இருந்தால் அதை ஒன்று முதல் இரண்டு வரையுள்ள ஓர் எண்ணால் பெருக்குவார்கள். நகர்ப்புறத்தில் அந்த எண் ஒன்று, அதாவது பெருக்கமே கிடையாது. அதனோடு கட்டடத்தின் மதிப்பைக் கூட்டி, வரும் தொகைக்குச் சமமான இன்னொரு தொகையை 30-ஆம் பிரிவின்கீழ் ஆறுதல் தொகையாகக் கொடுப்பார்கள். அன்பர் குறிப்பிடும் இரண்டு மடங்கு இதுதான். ஆனால் எதனுடைய இரண்டு மடங்கு என்பதை யாரும் கேட்பதில்லை.

இந்த இடத்தில் நான் ஒன்றை ஒப்புக்கொண்டாக வேண்டும். நான் எழுதிய கிரயப் பத்திரங்களில் பெரும்பாலானவற்றில் கண்ட விலை, கைமாறிய விலை அல்ல. வழிகாட்டி மதிப்பு எவ்வளவோ அவ்வளவுக்கு எழுதுங்கள் என்று வாங்குபவர் சொல்வார், விற்பவர் தலையசைப்பார், நானும் எழுதுவேன். 2017 ஜூனில் வழிகாட்டி மதிப்பை 33 விழுக்காடு குறைத்துப் பதிவுக் கட்டணத்தை நான்கு விழுக்காடாக உயர்த்தியபோது, முத்திரைத் தீர்வையும் சேர்ந்து நூற்றுக்குப் பதினொரு ரூபாய் பதிவுக்கே போயிற்று. வீட்டுக்கு உண்மையில் கொடுத்த விலையை எழுதச் சொல்லும் துணிவு அந்நாளில் யாருக்கும் வரவில்லை. 2023-இல் கட்டணத்தை இரண்டு விழுக்காடாகக் குறைத்தார்கள் என்றாலும் பழக்கம் அவ்வளவு எளிதில் மாறிவிடவில்லை. இதில் மக்கள் செய்த தவறு இருக்கிறது, என் பங்கும் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பத்து ஆண்டுகளுக்கு முன் வாங்கிய வீட்டில் அமைதியாகக் குடியிருக்கும் ஒருவருக்கு, அவருக்குச் சம்பந்தமே இல்லாத நான்காவது வீட்டுக்காரர் போன வருடம் குறைத்து எழுதிய பத்திரம்தான் விலை வைக்கிறது. உண்மை விலையில் பாதிக்குப் பத்திரம் எழுதப்பட்ட தெருவில் அரசு இரண்டு மடங்கு கொடுத்தால், கிடைப்பது மனையின் உண்மை விலை மட்டுமே. விருப்பமில்லாமல் வெளியேற நேர்வதற்காகச் சட்டம் அளித்த ஆறுதல் தொகை, பத்திரக் குறைவை நிரப்புவதிலேயே கரைந்துவிடுகிறது.

பழைய வேலூரின் தெருக்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. கொசப்பேட்டை, சைதாப்பேட்டை, தோட்டப்பாளையம் போன்ற பகுதிகளில் வீடுகள் கிரயத்துக்கு வருவதே குறைவு. அப்பா போனால் பாகப்பிரிவினை, மகளுக்குத் தானசெட்டில்மெண்டு, அண்ணன் தம்பிக்குள் விடுதலைப் பத்திரம் என்றே தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. இவையெல்லாம் விற்பனைக் கணக்கில் வாரா. மூன்று ஆண்டுகளில் ஒரு தெருவில் இரண்டு கிரயம் பதிவாகியிருந்தால், அவற்றில் ஒன்று கடன் நெருக்கடியில் விற்றதாகவும் மற்றது பொதுச்சுவர்ப் பங்காளிக்குக் கேட்ட விலைக்குக் கொடுத்ததாகவும் இருக்கும். அத்தெருவின் நாற்பது வீடுகளுக்கும் அவையே அளவுகோல் ஆகின்றன.

கட்டடத்தின் கதை இன்னும் மோசம். எங்கள் பத்திரங்களில் தளம் போட்டதை மெத்தை வீடு என்றும் ஓடு வேய்ந்ததை வில்லை வீடு என்றும் எழுதுவோம். சுண்ணாம்புக் காரையும் தேக்கு உத்தரமுமாக அறுபது எழுபது ஆண்டுகளைக் கடந்தும் ஒழுகாமல் நிற்கிற மெத்தை வீடுகளை நான் அறிவேன். அத்தகைய வீட்டுக்குப் பொறியாளர் மதிப்புப் போடும்போது, இன்று அதைப் புதிதாகக் கட்ட ஆகும் செலவைக் கணக்கிட்டு, பிறகு அதன் வயதுக்கேற்பத் தேய்மானம் கழிப்பது வழக்கமாக இருந்து வருகிறது. ஒரு பேச்சுக்குப் புதிதாகக் கட்ட 20 லட்சம் ரூபாய் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். கட்டடத்தின் ஆயுள் எண்பது ஆண்டு, வயது அறுபது, இடித்தால் தேறும் மதிப்பு பத்து விழுக்காடு என்றால், தேய்மானம் பதின்மூன்றரை லட்சம் போய் மீதி ஆறரை லட்சம் நிற்கும். ஆறுதல் தொகையோடு சேர்த்து 13 லட்சம். வெளியேறுகிறவர் அறுபது வயதான சுவரை எங்கும் விலைக்கு வாங்க முடியாது. இன்றைய செங்கல்லும் இன்றைய சிமெண்டும்தான் வாங்க முடியும். இடைவெளியான ஏழு லட்சத்துக்கு அவர் எங்கே போவார்?

தேய்மானம் கழிப்பது மதிப்பீட்டு முறைக்கு இயல்புதானே என்று கேட்கலாம். விற்க விரும்பி விற்பவருக்கு அது இயல்பு. விற்க விரும்பாதவருக்கு வேறு அளவு வேண்டும் என்பது உலகில் பல இடங்களில் ஏற்கப்பட்டிருக்கிறது. உலக வங்கியும் ஆசிய வளர்ச்சி வங்கியும் கடன் தரும் திட்டங்களில், எடுக்கப்படும் கட்டடத்துக்குத் தேய்மானம் கழிக்காத மாற்றுச் செலவைத் தர வேண்டும் என்பது அவற்றின் கொள்கை. ஹாங்காங்கில் நகர்ப் புதுப்பிப்பு ஆணையம் பழைய அடுக்குமாடி வீடுகளை வாங்கும்போது, சொந்த வீட்டில் தாமே குடியிருப்பவருக்கு அதே வட்டாரத்தில் ஏழு ஆண்டுப் பழமையுள்ள ஒரு வீடு என்ன விலை போகும் என்பதைக் கொண்டு தொகையை முடிவு செய்கிறது. இடியப் போகிற வீடு ஐம்பது வயதானாலும் கணக்கு ஏழு வயது வீட்டுக்குத்தான். போகும் வீட்டை விட்டுவிட்டு வரும் வீட்டை அளக்கும் இந்த முறைதான் எனக்குச் சரியாகப் படுகிறது. நான் சொல்ல வந்ததும் இது ஒன்றே.

வேலூரில் இது ஏன் கூடுதலாக முக்கியம் என்றால், எங்கள் ஊரில் இடம் இல்லை. ஒரு பக்கம் மலைகள், வடக்கே பாலாறு, நடுவில் கோட்டை. 2016-இல் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் ஊர் சேர்ந்த பிறகு தெருக்களைத் தோண்டியதையும் புதிய பேருந்து நிலையம் எழுந்ததையும் பார்த்தோம். அகலமான சாலைகளும் வடிகால்களும் வேண்டாம் என்று நானும் சொல்லவில்லை. ஆனால் ஊருக்கு நடுவில் வீட்டை இழக்கிறவர் அந்தத் தொகையில் பாகாயத்துக்கும் சத்துவாச்சாரிக்கும் அப்பால்தான் தேட வேண்டியிருக்கும். (எங்கள் கோட்டைக் கோயிலின் ஜலகண்டேசுவரரே நெடுங்காலம் சத்துவாச்சாரியில் இருந்துவிட்டு 1981-இல்தான் சொந்த இடத்துக்குத் திரும்பினார். மனிதர்களுக்கு அவ்வளவு ஆயுள் இல்லை.)

தூரம் ஒரு வசதிக்குறைவு மட்டும் என்று நினைக்கக்கூடாது. சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் எத்தனையோ குடும்பங்கள், மேற்கு வங்கத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் சிகிச்சைக்கு வருவோருக்கு ஓர் அறையையோ இரண்டு அறைகளையோ நாள் வாடகைக்கு விட்டுப் பிழைக்கின்றன. கணவரை இழந்த ஒரு பெண்மணிக்கு அந்த இரண்டு அறைகள் ஓய்வூதியம் மாதிரி. சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் சிறு வணிகருக்கும் சுயதொழில் செய்வோருக்கும் ஒரே தவணையாகக் குறைந்தது 25,000 ரூபாய் என்று இருக்கிறது. அதே அட்டவணை, நகர்ப்புறத்தில் வீடிழந்த குடும்பத்துக்கு 50 சதுர மீட்டருக்குக் குறையாத கட்டிய வீடு என்கிறது. அந்த வீடு வேண்டாம் என்பவருக்குக் குறைந்தது ஒன்றரை லட்சம் ரூபாய் என்கிறது. குறைந்தது என்ற சொல்லை அலுவலகங்கள் எப்படிப் படிக்கும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும்.

வாடகைக்கும் போக்கியத்துக்கும் இருப்பவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எடுப்புக்கு முன் மூன்று ஆண்டுகளோ அதற்கு மேலோ அங்கே குடியிருந்த குடும்பத்தையும் பாதிக்கப்பட்ட குடும்பமாகவே சட்டம் கருதுகிறது. ஆனால் போக்கியம் பெரும்பாலும் வெள்ளைத் தாளில் எழுதிப் பதிவு செய்யாமலே நடக்கிறது. மூன்று லட்சம் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பவர், வீட்டுக்காரருக்கு வந்த தொகையிலிருந்து தன் பணத்தைத் திரும்பப் பெற அவர் பின்னால் அலைய வேண்டியதுதான்.

எங்கள் உறவினர் ஒருவருக்கு நேர்ந்ததையும் சொல்கிறேன். வேலூரை அடுத்த ஓர் ஊரில் ஒரு திட்டத்துக்காக அவர் வீட்டின் முன்பகுதி மட்டும் எடுக்கப்பட்டது. திண்ணையும் கூடமும் போய், சமையற்கட்டும் புறக்கடையும் தெருவைப் பார்த்து நின்றன. ஒரு வீட்டின் பகுதியை மட்டும் எடுக்கும்போது உரிமையாளர் விரும்பினால் முழு வீட்டையும் எடுத்துக்கொள்ளக் கோரலாம் என்று 94-ஆம் பிரிவு சொல்வதை அந்த அலுவலகத்தில் அவருக்கு ஒருவரும் எடுத்துரைக்கவில்லை. எனக்கு அவர் செய்தி சொன்னபோது தொகையை வாங்கிக் கையெழுத்தும் போட்டுவிட்டிருந்தார். எஞ்சிய பகுதியில் புதிதாகச் சுவர் எழுப்பி, பழைய உத்தரத்துக்கு முட்டுக் கொடுத்து நிறுத்தவே வந்த பணத்தில் பெரும்பகுதி போயிற்று.

அந்தக் கையெழுத்துதான் இந்த விவகாரத்தின் நடுமையம். அண்மைக் காலத்தில் நேரடிப் பேச்சுவார்த்தை மூலம் வாங்குவதையே அரசு விரும்புகிறது. தாமதம் இல்லை, வழக்கு இல்லை என்பதால் அதில் இருதரப்புக்கும் நன்மை உண்டு. ஆனால் சம்மதிக்காவிட்டால் சட்டப்படி எடுத்துக்கொள்வோம் என்ற சொல் பின்னால் நிற்கும்போது, அதைப் பேச்சுவார்த்தை என்று சொல்வது சற்று மிகை. இழப்பீடு இவ்வளவு என்று முடிவு செய்யும் உத்தரவான தீர்வத்தை ஏற்காதவர் மட்டுமே கூடுதல் தொகை கேட்டு 64-ஆம் பிரிவின்கீழ் விண்ணப்பிக்க முடியும். தீர்வம் சொல்லும்போது அங்கே இருந்தவருக்கு அதற்கான கெடு ஆறு வாரம். சம்மதக் கடிதத்தில் ஒப்பமிட்டவருக்கு அந்த வாசல் அடைபடுகிறது என்பதைக் கையெழுத்துக்கு முன்னால் தமிழில், வாய்மொழியாகவும், சொல்ல வேண்டாமா? சொத்தை எடுப்பதற்கு முன் அறிவிப்பு, ஆட்சேபத்தைக் கேட்டல், காரணம் கூறிய முடிவு, நியாயமான இழப்பீடு முதலானவை அரசியல் சாசனத்தின் 300-ஏ பிரிவுக்குள் அடங்கிய உரிமைகள் என்று கொல்கத்தா மாநகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 மே மாதத்தில் தெளிவாக்கியிருக்கிறது. அவற்றின் உணர்வு பேச்சுவார்த்தை மேசைக்கும் பொருந்த வேண்டும்.

எடுத்த இடத்தில் ஒன்றும் வராமல் போவதும் உண்டு. அமெரிக்காவின் நியூ லண்டன் நகரில் மறுசீரமைப்புக்காக வீடுகளை எடுப்பது செல்லும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2005-இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. வீடுகள் போன பின் அந்த மனை ஆண்டுக்கணக்கில் புல் முளைத்துக் கிடந்தது. நம் சட்டத்தின் 101-ஆம் பிரிவு, ஐந்து ஆண்டுகள் பயன்படுத்தாத நிலத்தை உரிமையாளருக்கோ நில வங்கிக்கோ திருப்பச் சொல்கிறது. நிலம் திரும்பலாம், வீடு திரும்பாது.

ஆகவே என் வேண்டுகோள் இவ்வளவே. பத்திர விலையின் சராசரியோடு நிறுத்திக்கொள்ளாமல், வங்கிகள் வீட்டுக் கடனுக்காகப் போடும் மதிப்பீட்டையும் சேர்த்துப் பார்க்கட்டும். தாமே குடியிருப்பவரின் கட்டடத்துக்குத் தேய்மானம் கழிக்காதிருக்கட்டும். மனைக்கு எவ்வளவு, கட்டடத்துக்கு எவ்வளவு, எதைக் கழித்தார்கள் என்ற கணக்குத்தாளை வீடு வீடாகக் கொடுத்து, படித்துப் பார்க்க ஒரு மாதம் அவகாசம் தரட்டும். அதன் பிறகு கையெழுத்துக்கு வரும் அலுவலர், தாம் எழுதிய தொகைக்கு அதே வார்டிலோ அடுத்த வார்டிலோ விற்பனைக்கு இருக்கும் ஒரு வீட்டையும் வீட்டுக்காரருக்குக் காட்டட்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆவண எழுத்தர்,
வேலூர்.